பாறசாலைச் சந்தையில் பத்து நியூட்ரான்கள்

காலை எட்டு இருபது. பாறசாலைச் சந்தையின் மேற்கு வாசல் வழியாக யேசுதாசன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். துண்டு வலது தோளில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இடது தோளில். தலை என்று ஓர் இடம் எங்கள் பரிசோதனையில் கிடையாது.

பரிசோதனை நியூட்ரான் சாருடையது. ஒரே பதிலால் இரண்டு கட்சிக்காரர்களையும் பகைத்துக்கொண்ட மனிதர் நெய்யாற்றின்கரை தாலுகாவில் அவரைத் தவிர யாரும் இல்லை. தாலுகா எந்த மாநிலத்துக்கு என்று எல்லைப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. தேங்காய் எண்ணெய் வாங்கப் போனாலும் தமிழா மலையாளமா, எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்திய சார், "நான் நியூட்ரான்" என்பார். அது எந்தக் கட்சி என்று விளங்காமல் இரண்டு பக்கமும் அவரைச் சந்தேகித்தது.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். பெண் பார்க்கப் போன வீட்டில், ஏற்றிவைத்த பித்தளை விளக்கில் அதை ஒட்டிப் பார்த்து, உள்ளே இருப்பது இரும்பு என்று அறிவித்தார். கடைசிவரை அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. மழையைத் தேங்காய்ச் சிரட்டையில் பிடித்து அளந்து நோட்டில் எழுதுவார். ஒருநாள் சிரட்டையில் ஆடு வாய் வைத்துவிட்டது. "ஆடு குடித்தது போக" என்று எழுதி மீதியையும் குறித்தார். தப்பான கணக்கைக்கூட அடிக்க மாட்டார், கிழிக்க மாட்டார். பார்த்தது பார்த்ததுதான் என்பார்.

வெளிநாட்டில் யாரோ நியூட்ரான்களைப் பொருளுக்குள் அனுப்பிப் பார்ப்பதாகத் திருவனந்தபுரத்தில் ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு வந்தார். அதிலிருந்து எங்களுக்கு டீக்கடையில் நிம்மதி இல்லை.

"எலே, நியூட்ரானுக்கு பிளஸ்ஸும் இல்ல, மைனஸும் இல்ல. எதுக்க உள்ளயும் நைசா நொழையும். ஆனா அதுக்க உள்ள ஒரு குட்டிக் காந்தம் உண்டு. எல்லாத்தையும் ஒரே பக்கம் பாக்க வச்சு இரும்புக்குள்ள விடணும். எத்தன எண்ணம் மறுபக்கம் பாத்து வெளிய வருது, வேகம் கூடிச்சா கொறஞ்சுதா, அத வச்சு இரும்புக்க உள்ளுக்குள்ள நடக்குதத சொல்லிப்போடலாம்."

அதைச் செய்ய அணு உலை வேண்டும். எங்களிடம் சந்தைதான் இருந்தது. சாரிடம் படித்த பத்துப் பேர் வலது தோளில் துண்டோடு கிழக்கு வாசல் வழியாக ஒவ்வொருவராக நுழைய வேண்டும். யாராவது மலையாளத்தில் பேசினால் துண்டை இடது தோளுக்கு மாற்ற வேண்டும், தமிழில் பேசினால் வலதுக்கு. சார் மேற்கு வாசலில் நின்று பெயர், தோள், எத்தனை நிமிடம் என்று எழுதுவார்.

நான் முதல் ஆள். திங்கட்கிழமை நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர வேண்டிய உத்தரவு வீட்டில் இருந்தது. போலீஸ் குறிப்பில் பெயர் வந்தால் அந்த உத்தரவு வெறும் காகிதம். ஆனால் சாரிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. நான்கு நிமிடத்தில் வெளியே வந்தேன். துண்டு அசையவில்லை. என்னிடம் யாருமே பேசவில்லை.

இரண்டாவது ஆள் யேசுதாசன். பதினெட்டு நிமிடம்.

"மீன்காரி ரெண்டு பாஷையிலயும் கலந்தாக்கும் ஏசினா சார். நான் எங்க போடதுக்கு?"

"நியூட்ரானுக்குத் தல கெடையாதுலே" என்றார் சார். ஆனாலும் 'தலை' என்று எழுதினார்.

மற்றவர்களும் அப்படித்தான் வந்தார்கள். எந்த மொழியில் கேட்டார்கள் என்று ஒருவனுக்கும் நினைவில்லை. மரச்சீனிக்கிழங்கு விலை மட்டும் நினைவிருந்தது. ஒருவன் துண்டை இடுப்பில் கட்டியிருந்தான்.

ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று தடை இருந்த சமயம். ஒரே தோளில் துண்டு போட்டுப் பத்துப் பேர் வரிசையாகப் போவதைப் பார்த்த போலீஸ் சும்மா இருக்குமா? தொப்பிகளைக் கண்டதும் நியூட்ரான்கள் சிதறின. சார் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரையும் நோட்டையும் கொண்டு போனார்கள்.

ஸ்டேஷன் ஜன்னலுக்கு வெளியே பலாமரத்தடியில் நின்று நான் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார். பத்துப் பெயர், வலது, இடது. எல்லைக் கணக்கெடுக்கும் ரகசியக் கும்பல் என்று அவர் முடிவு செய்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. முதல் வரியில் என் பெயர். பெயர்களை எழுதிக்கொள்ள ரைட்டரைக் கூப்பிட்டுவிட்டு, வாசல் பக்கம் திரும்பினார். சார் நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

இன்ஸ்பெக்டர் நோட்டைப் பார்த்தார், சாரின் வாயைப் பார்த்தார். பிறகு, "எந்தா சாறே இது?" என்றார்.

கேட்டிருக்கக் கூடாது. சார் சாக்குக்கட்டியை எடுத்து ஸ்டேஷன் சுவரில் வரையத் தொடங்கினார். அணு, உலை, காந்தம், அம்புக்குறிகள். ஒன்றரை மணி நேரம். இடையில் ஒரு கான்ஸ்டபிளின் துண்டை வாங்கி ரைட்டரின் தோளில் மாற்றி மாற்றிப் போட்டார். கடைசியில் இன்ஸ்பெக்டரே சாரைக் கைபிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

"மதி சாறே, மதி. போதும், வீட்டுக்குப் போங்க."

அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி என் நிம்மதிக்குக் குறைந்ததல்ல.

திரும்பும் வழியில், கடைசியில் எத்தனை வலது, எத்தனை இடது என்று கேட்டேன்.

"ஓர்மை இல்ல மக்கா" என்றார், எந்த நாள் எவ்வளவு மழை என்று கேட்டாலும் நோட்டைப் பார்க்காமல் சொல்லும் மனிதர்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீசில் கையெழுத்துப் போட்டேன்.

சார் விட்டுப்போன நோட்டுகள் முப்பத்தொன்று. எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்திருக்கிறேன். கிழிந்த பக்கம் ஒன்றுதான்.