அம்பியர் அண்ணன் பெண் பார்க்கப் போன கதை

சூரியன் மட்டும் எங்கள் போடிங்கின் பியூஸில் எரிந்திருந்தால், மாத்தளையில் ஒரு நாளும் விடிந்திருக்காது. அம்பியர் அண்ணன் விட்டிருக்க மாட்டார்.

கடைவீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே எங்கள் போடிங், வாடகைக்குத் தங்கும் விடுதி. நாங்கள் நாலு இளவட்டங்கள், அண்ணன், எல்லோருக்குமாக ஐந்து அம்பியர் பியூஸ் ஒன்று. அண்ணன் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். அவருடைய நிஜப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. வயது முப்பத்தைந்து. உறவென்று யாருமில்லை. ஒரு பெட்டி இருந்தது.

தேயிலைப் பெட்டிப் பலகையில் அவரே செய்தது. ஒரு பக்கம் பிளக், மறுபக்கம் சொக்கட், மேலே இரண்டு முள். ஒரு முள் வோல்ட் காட்டும், மற்றது அம்பியர் காட்டும். யார் எந்தச் சாமான் வாங்கி வந்தாலும் முதலில் இந்தப் பெட்டியில் மாட்டி, அண்ணனின் தீர்ப்புக்காகக் கைகட்டி நிற்க வேண்டும்.

"பெருக்கினா வாட்டு. வகுத்தா ஓம். இதுக்கு மேல உலகத்துல என்னடா இருக்கு?" என்பார்.

ஒரு நேரத்தில் ஒரு சாமான்தான் மாட்டலாம் என்பது சட்டம். ஒருநாள் படத்துக்குப் போகிற அவசரத்தில் நான் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் நாலு பேரில் ஒருவனான ராஜேந்திரன் திருட்டுத்தனமாக ஹீட்டரில் முட்டை அவித்தான். பல்பு இலேசாக மங்கியது. அவ்வளவுதான், அண்ணனின் அறைக் கதவு படாரென்று திறந்தது.

"எவன்டா ரெண்டாவது?"

"சும்மா ஒரு முட்டைண்ணே…"

"அயன் மூணு, ஹீட்டர் நாலு, மொத்தம் ஏழு. பியூஸ் அஞ்சு. முட்டையா முக்கியம்?"

ராஜேந்திரன் அரைவேக்காட்டு முட்டை தின்றான். நான் ஒரு கை கசங்கிய சட்டையோடு படம் பார்த்தேன்.

மனிதர்களையும் அவர் இதே கணக்கில்தான் வைத்திருந்தார். வோல்ட் என்றால் தள்ளுகிற வேகம், அம்பியர் என்றால் ஓடுகிறது, ஓம் என்றால் மறிக்கிறது. "நம்ம போடிங் முதலாளிக்கு ஓம் ரொம்பக் கூட. கூரை ஒழுகுதுன்னு எவ்வளவு தள்ளினாலும் ஒண்ணும் ஓடாது" என்பார். கூரை அவர் சொன்னபடியே ஒழுகிக்கொண்டிருந்தது.

இவருக்குக் கல்யாணம் செய்து வைத்தாலொழிய எங்களுக்கு விமோசனமில்லை என்று முடிவெடுத்தோம். உக்குவளையில் கடை வைத்திருந்த ஒருவரின் இளைய மகள் கமலாவைப் பேசினோம். மாப்பிள்ளை வீட்டாரும் நாங்களே.

"அங்க வந்து வோல்ட், கீல்ட்னு வாயைத் திறக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கினோம். அண்ணன் பெட்டியைப் பையில் போட்டு என்னிடம் தந்தார். "இது இல்லாம நான் எங்கயும் போனதில்ல. நீ தூக்கிட்டு வா. நான் கேட்டாலும் குடுக்காத."

உக்குவளை வீட்டுக் கூடத்தின் நடுவில், ஒரு ஸ்டூலின் மேல், சாமி மாதிரி ஒரு மின்சார அடுப்பு. அதன்மேல் கேத்தல்.

"ரெண்டாயிரம் வாட்டு, தம்பி! மூத்த மாப்பிள்ளை கண்டியில வாங்கிட்டு வந்தாரு" என்றார் கமலாவின் அப்பா. மூத்த மாப்பிள்ளை மீசையைத் தடவிக்கொண்டார். "இந்தா, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள கொதிச்சிரும்."

மழையைப் பற்றிப் பேசினோம். மிளகு விலையைப் பற்றிப் பேசினோம். ரயில் தாமதத்தைப் பற்றி இரண்டு தடவை பேசினோம். தண்ணீர் கொதிக்கவில்லை. அண்ணனின் கால் ஆடத் தொடங்கியது. நான் அவர் தொடையைக் கிள்ளினேன்.

தட்டில் கோப்பைகளோடு காத்து நின்ற கமலா மெல்லச் சொன்னாள்: "இன்னும் கொதிக்கலப்பா."

"கொதிக்காதுங்க" என்றார் அண்ணன். "அது ரெண்டாயிரம் இல்ல."

மூத்த மாப்பிள்ளை எழுந்துவிட்டார். "அப்ப நான் பொய் சொல்றேன்ங்கிறியா?"

"நீங்க இல்லீங்க, அடுப்பு."

"எங்க, காட்டு பாப்பம்!"

அண்ணன் என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். தாலியை எடுத்துத் தா என்பது போல இருந்தது அந்தக் கை. கொடுத்துவிட்டேன்.

ஒரு முள் இருநூற்றிருபதில் நின்றது. மற்றது நாலில்.

"எண்ணூத்தி எண்பது வாட்டு. ஓம் அம்பத்தஞ்சு" என்றார் அண்ணன், ஜாதகம் வாசிக்கிற குரலில்.

மூத்த மாப்பிள்ளை குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "நீங்களும் போயிட்டு வாங்க" என்றார் கமலாவின் அப்பா. நாங்கள் படியிறங்கியபோதுதான் கேத்தல் கொதிக்கிற சத்தம் கேட்டது.

ஸ்டேஷன் பெஞ்சில் ராஜேந்திரன் பொரிந்து தள்ளினான். "ஒரு தேத்தண்ணி குடிக்கிற வரைக்கும் வாயை மூடிட்டு இருக்க ஏலாதாண்ணே?"

"அந்தப் புள்ள உள்ளதைச் சொல்லுச்சு, கொதிக்கலன்னு. நான் மட்டும் கொதிக்குதுன்னு சொல்லவா?"

ரயில் ஏறிய பிறகுதான் என் பை லேசாக இருப்பதைக் கவனித்தேன். "பெட்டி எங்கண்ணே?"

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "மறந்துட்டேன்."

ஒரு திருகாணி தொலைந்தாலே தூங்காத மனிதர், மறந்துவிட்டாராம்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமலாவின் அப்பா பெட்டியோடு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். ராஜேந்திரன் கட்டிலுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"இது என்னய்யா சாமான்? என் மக வீட்ல ஒண்ணையும் விட்டு வைக்கல. ரேடியோவை மாட்டுறா, அயனை மாட்டுறா, கடையில விக்கிற பல்பைக்கூட மாட்டுறா. முள்ளு ரெண்டும் ஆடுது, அதை வச்சு என்ன பண்றதுன்னு கேட்டுட்டு வாங்கன்னு என்னை அனுப்பிட்டா."

"பெருக்கினா வாட்டுங்க. வகுத்தா ஓம்." அண்ணனின் குரல் அவ்வளவு தணிந்து நாங்கள் கேட்டதேயில்லை.

பெரியவர் இரண்டு தரம் முணுமுணுத்துப் பார்த்தார். "இது என் வாயில நிக்காது, மாப்ள. நீங்களே வந்து சொல்லிருங்க."

கல்யாணம் முடிந்து அண்ணன் உக்குவளைக்கே குடிபோனார். அன்று மாலை எங்களுக்கு விடுதலைத் திருவிழா. நான் அயனை மாட்டினேன். ராஜேந்திரன் ஹீட்டரில் நாலு முட்டை வைத்தான். பல்பு இலேசாக மங்கியது.

நாங்கள் நாலு பேரும் அந்த அறைக் கதவைப் பார்த்தபடி நின்றோம். அது திறக்கவில்லை.

ராஜேந்திரன்தான் போய் ஹீட்டரை அணைத்தான்.