தென்னை மரத்துக்கென்று வாங்கிய உப்பு

உப்பளத்துக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தும் உப்பைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. இந்த உண்மையை முப்பத்தொன்பது வயதுவரை வெற்றிகரமாக மறைத்து வைத்திருந்தேன். ‘மரக்காணத்துல எங்க தாத்தா காலத்துலேர்ந்து உப்பளம்’ என்று ஆபீசில் நாலு பேர் நடுவே சொல்லும்போது, ஏதோ நானே வரப்பு கட்டி, பாத்தியில் இறங்கி உப்பு வாரியதுபோல ஒரு தோரணை வந்துவிடும். (பாத்தியில் நான் இறங்கியது ஒரே ஒரு முறை. அதுவும் செருப்பு உள்ளே விழுந்துவிட்டதால்.) அப்பா என்னைப் படிக்கவைத்துக் குமாஸ்தாவாக்கிவிட்டார். உப்பளத்தைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். பெருமையை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன்.

2006-ஆம் வருடம் மே மாதம் என் மனைவி செல்விக்கு வேலை கிடைத்தது. பி.எட். முடித்து ஒன்பது வருடம் கழித்து, திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஜூனில் பள்ளி திறக்கிற அன்றே போய்ச் சேரவேண்டும். ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் மணியடிப்பதற்குள் போகமுடியும். மகள் எட்டாவது, மகன் நாலாவது. எனக்கு ஆபீஸ். ஆகமொத்தம் காலை ஆறரைக்குள் நாலு டிபன் பாக்ஸ் கட்டியாகவேண்டும்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் என் அக்கா வனஜா விஷயம் கேள்விப்பட்டு அன்றைக்கே வந்துவிட்டாள்.

“பொம்பள விடியக்காலம் பஸ் ஏறிட்டா, வூட்ல அடுப்பு யாருடா பத்தவெப்பா? நான் சொல்றேன் பாரு, ஜூன் மாசம் தாண்டாது.”

செல்வி வேலை உத்தரவை நாலாவது முறையாகப் படித்து மடித்தாள். அக்கா போனபிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள். “ஒரு மாசம் பாக்கறேங்க. புள்ளைங்க பட்டினியா ஸ்கூலுக்குப் போற மாதிரி ஆச்சின்னா, வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “நீ ஒண்ணும் எழுதிக் குடுக்க வேணாம். சாப்பாடு என் பொறுப்பு” என்றேன்.

இதற்கு நேரான வழி, காலையில் சீக்கிரம் எழுந்து நான் சமைப்பது. ஆனால் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. விடிகாலையில் தெருவே அந்த வழியாகத்தான் பால் வாங்கப் போகும். உப்பளத்துக்காரர் பேரன் கரண்டியோடு நிற்பதை நாலு பேர் பார்த்தால் என்ன ஆவது? அதனால் நான் ஒரு குமாஸ்தாவுக்கே உரிய தீர்வைக் கண்டுபிடித்தேன். ஜூன், ஜூலைச் சமையலை மே மாதத்திலேயே, கதவைச் சாத்திக்கொண்டு முடித்துவிடுவது! புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, இட்லிப்பொடி, மாங்காய்த் தொக்கு, கூழ்வத்தல். காலையில் செல்வி சோறு மட்டும் வடித்தால் போதும். கிளறுவதும் கட்டுவதும் நான்.

செல்வி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளியனூரில் அம்மா வீட்டுக்குப் பத்து நாள் போனாள். நான் லீவு போட்டேன். ஜன்னலுக்குப் பழைய போர்வை ஒன்றைக் கட்டினேன். (புகை வெளியே போகவேண்டும் என்கிற விஷயம் மிளகாய் வறுத்தபோதுதான் தெரிந்தது.) செல்வி ஒரு நோட்டில் எல்லாப் பக்குவத்தையும் எழுதிக் கொடுத்திருந்தாள். புளி இரண்டு கிலோ, துவரம்பருப்பு மூன்று கிலோ என்று கணக்கு டீச்சருக்கு உரிய துல்லியம். உப்புக்கு மட்டும் ‘தேவையான அளவு’. யாருக்குத் தேவையான அளவு என்று இல்லை. எப்படியும் வீட்டு ஜாடியில் இருந்த உப்பு ஒரு கைப்பிடிதான்.

கடையில் உப்புப் பாக்கெட் வாங்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவன் உப்பைக் காசு கொடுத்து வாங்கினால், மீன்காரன் வீட்டில் கருவாடு விலைக்கு வாங்கிய கதைதான். மொபெட்டை எடுத்துக்கொண்டு சித்தப்பாவின் உப்பளத்துக்குப் போனேன். அங்கே அஞ்சலை உப்பு வாரிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். எங்கள் உப்பளத்தில் பத்துப் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறவள்.

“என்னா சார், வெயில்ல இவ்ளோ தூரம்?”

“கொஞ்சம் உப்பு வேணும். ஒரு பத்துப் பதினஞ்சு கிலோ.”

“அவ்ளோ எதுக்கு சார்?”

இங்கேதான் என் விதி என் வாயில் வந்து உட்கார்ந்தது. ‘சமையலுக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதினைந்து கிலோ உப்பில் என்ன சமையல், யார் சமைக்கிறார்கள், வீட்டுக்காரம்மா ஊரில் இல்லையா என்று கேள்விகள் வரிசை கட்டும் என்று பயந்தேன். அப்போதைக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்.

“தென்னை மரத்துக்கு.”

“உங்க வூட்ல தென்னை மரம் ஏது சார்?”

“புதுசா வச்சிருக்கேன்.”

“கன்னுக்கா இவ்ளோ உப்பு?”

“நாலு கன்னு” என்றேன், பெரிய தோப்புக்காரன் மாதிரி.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஓலை போட்டு மூடி வைத்திருந்த பெரிய அம்பாரத்தின் பக்கம் போகக் கிளம்பியவள், திரும்பி, “மரத்துக்குத்தானே, இதுவே போதும்” என்று அன்றைக்கு வாரிய உப்பிலிருந்து சாக்கில் அள்ளிப் போட்டாள். தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தது. ஆனால் என்ன வெளுப்பு! அழுக்குப்பட்ட அம்பாரத்து உப்பைவிட நல்ல சரக்காகத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டோம் என்று மொபெட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே வீடு வந்தேன்.

அடுத்த எட்டு நாட்கள் நான் பட்டபாட்டை ஒரு தனிப் புராணமாகவே எழுதலாம். புளிக்காய்ச்சல் கொதித்துத் தெறித்து என் முன்கையில் ஏழு இடத்தில் சூடு. மாவு மிஷினில் ‘வீட்டுக்காரம்மா குடுத்தனுப்பிச்சாங்க’ என்று இன்னொரு பொய். மாடியில் வேட்டியை விரித்துப் பிழிந்த கூழ்வத்தல் மூன்று நாளாகியும் காயாமல் தளதளவென்று இருந்தது. கடற்காற்றுதான் காரணம் என்று கடலைத் திட்டினேன். புளிக்காய்ச்சலை ருசி பார்த்தபோது நாக்கின் அடியில் லேசாகக் கசந்தது. வெந்தயம் கூடிவிட்டது, உடம்புக்கு நல்லதுதானே என்று எனக்கு நானே மருத்துவச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

பாட்டில்களுக்கெல்லாம் ஆபீஸ் வழக்கப்படி எண் போட்டு, தேதி எழுதி, சீட்டு ஒட்டி, சுவரில் திங்கள் முதல் வெள்ளிவரை ஓர் அட்டவணையும் மாட்டினேன். செல்வி வந்து பார்த்தாள். பதினாலு பாட்டில்கள் அணிவகுத்து நின்றன. முன்கைச் சூடுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். “இந்த வூட்ல எனக்கோசரம் இதுக்கு முன்னாடி யாரும் சமைச்சது இல்லீங்க” என்றாள். ஒன்பது வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு நாம்தான் வழி திறந்துவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பார்க்கப் போனவளை, “ஊறட்டும், ஊறட்டும், திங்கட்கிழமைதான்” என்று தடுத்தவனும் நான்தான்.

திங்கட்கிழமை வந்தது. செல்வி வடித்த சோற்றில் நான் புளிக்காய்ச்சலைக் கிளறி, நாலு பாக்ஸ் கட்டினேன். ஆறரைக்குச் செல்வி கிளம்பினாள், பிறகு பிள்ளைகளும் நானும். அக்கா தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

மதியம் ஆபீசில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். “புளியோதரை. வீட்டுக்காரம்மா கைப்பக்குவம்” என்று பாக்ஸைத் திறந்து ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தேன். இங்கேயும் உண்மை சொல்ல வாய் வரவில்லை பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வாயில் வைத்தார்கள். ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தினார்கள். வேப்பங்கொழுந்தை உப்பில் ஊறப்போட்டு அரைத்த மாதிரி ஒரு கசப்பு. மேனேஜர் ஜன்னல் பக்கம் எழுந்து போனார். பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீரைக் குடித்துவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்.

“தங்கச்சிக்கு உன்மேல என்னாப்பா கோவம்?”

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். உப்பிட்ட பண்டமும் அங்கேதான் போகும் என்று அன்றைக்கு நிரூபித்தேன்.

சாயங்காலம் வீட்டில் மூன்று டிபன் பாக்ஸ்கள், ஏறக்குறைய காலையில் போன அதே எடையில் மேடைமேல் இருந்தன. மகன்தான் வாய் திறந்தான். “காக்காக்குப் போட்டேன்பா. அது ஒரு வாய் எடுத்துட்டு என்னையே பாத்துச்சுப்பா.”

செல்வி முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதல் நாள், ஆசிரியர்கள் அறை, புதுச் சேலை. “எங்க வீட்டுக்காரர் எனக்காகச் செஞ்சது” என்று பெருமையாகச் சொல்லி எல்லோருக்கும் கொடுத்திருக்கிறாள். நான் அவள் பேரைச் சொன்னேன்; அவள் என் பேரைச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே அவமானமாக இருந்தது. தலைமை ஆசிரியை ஒரு வாய் சாப்பிட்டு, ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, “நல்லாருக்கு டீச்சர். உங்க சார் சித்த வைத்தியரா?” என்று கேட்டாராம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதற்கிணங்க, அந்த அம்மா ஓய்வு பெறும்வரை என்னை மறக்கவே இல்லை.

மற்ற பாட்டில்களைத் திறந்து பார்த்தோம். பருப்புப்பொடி சேறாகியிருந்தது. இட்லிப்பொடியில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. வத்தல் டின்னுக்கு அடியில் தண்ணீர். அந்த நேரம் பார்த்து அக்கா வந்து சேர்ந்தாள். நான் புளிக்கடைக்காரனைத் திட்டினேன். மிளகாய் வியாபாரியைத் திட்டினேன். மாவு மிஷினைத் திட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு குரல்.

“சார்! தென்னங்கன்னு எப்டி இருக்குது?”

கடைக்குப் போகிற வழியில் அஞ்சலை நின்றிருந்தாள். “அவ்ளோ உப்பையும் போட்டுடாதீங்க, வேர் கருகிடும். அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன், மறந்துட்டேன்.”

செல்வி வாசலைப் பார்த்தாள். அங்கே ஒரு துளசித் தொட்டியும் இரண்டு குரோட்டன்சும் இருந்தன. என்னைப் பார்த்தாள்.

“நம்ம வூட்ல ஏதுங்க தென்னங்கன்னு?”

ஜன்னல் போர்வையிலிருந்து தென்னங்கன்று வரை எல்லாவற்றையும் சொல்லியாகவேண்டியதாயிற்று. அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஐயோ சார்! அது அப்பதான் வாரின உப்பு. அம்பாரம் போட்டு, மாசக்கணக்குல கசப்புத் தண்ணியெல்லாம் வடிஞ்சாதான் வாயில வெக்கலாம். அதுவரைக்கும் காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கினே கெடக்கும். சமையலுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போன வருசத்து உப்பு குடுத்திருப்பேனே!”

“உப்பளத்துக்காரன் புள்ளடா நீ!” என்று அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இதுல என்னா சார் வெக்கம்?” அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “நான் விடியறதுக்கு முன்ன பாத்திக்கு வந்துடறேன். எங்க வூட்ல தெனம் அவர்தான் ஆக்கறாரு. அவர் ஆக்கலேன்னா நாங்க என்னாத்த துன்றது?”

அவர்கள் போனபிறகு செல்வி பிள்ளைகளுக்குத் தோசை வார்த்துப் போட்டுவிட்டு, மேசையில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ‘அனுப்புநர்’ என்று எழுதினாள். ஒரு மாதம் என்றவள், ஒரே நாளில் எழுத உட்கார்ந்துவிட்டாள். அக்கா ஜெயித்ததுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த உத்தரவை நாலு முறை படித்தவள், என் பொய் ஒன்றுக்காக அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாளே என்று எழுந்து மேசையருகே போனேன்.

“எழுதாத செல்வி. நாளைக்குக் காலைல நான் ஆக்கறேன்.”

அவள் நிமிரவில்லை. “ஜன்னலுக்குப் போர்வை கட்டிக்கினா?”

“இல்ல.”

“யாராச்சும் கேட்டா?”

“நான்தான் ஆக்கறேன்னு சொல்றேன்.”

பேனாவை மூடினாள். பிறகு அந்தத் தாளை மகனிடம் கொடுத்து, “கணக்கு போட்டுப் பழகு” என்றாள்.

மறுநாள் நாலரைக்கு எழுந்தேன். போர்வை இல்லாத ஜன்னலுக்கு முன்னால் நின்று பீன்ஸ் நறுக்கினேன். பால் வாங்கப் போன தெரு மொத்தமும் பார்த்தது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, “யாருடா ஆக்கறது?” என்றாள்.

“நான்தான்க்கா” என்றேன். குரல் கொஞ்சம் பிசிறியது. அக்கா கம்பியை விட்டுவிட்டுப் போனாள். (அரைமணி கழித்து ஒரு கிண்ணத்தில் ஊறுகாய் வந்தது. அதுதான் அவள் மன்னிப்புக் கடிதம்.) காலைச் சமையலிலிருந்து தப்பிக்க எட்டு நாள் பாடுபட்டவன், அன்றிலிருந்து இன்றுவரை ஒருநாள் விடாமல் காலைச் சமையல் செய்துகொண்டிருக்கிறேன். செல்வி இப்போது அந்தப் பள்ளிக்கே தலைமை ஆசிரியை. வீட்டில் யார் எதை மறைத்தாலும், “தென்னை மரத்துக்கா?” என்று கேட்கும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

நாலு வருடத்துக்கு முன் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அப்பா முறுக்கிய மீசையோடு நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை மூச்சுக்கு மூச்சு ‘சார்’ என்றார். அவருடைய அக்கா, எல்லா வீட்டிலும் ஒரு அக்கா இருப்பார்கள்போல, கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“கேசரி பிரமாதம். பொண்ணு செஞ்சதா, அம்மா செஞ்சதா?”

என் மகள் என்னைப் பார்த்தாள். செல்வி மின்விசிறியைப் பார்த்தாள்.

“நான் செஞ்சதுங்க” என்றேன். “இந்த வூட்ல சமையல் நான்தான்.”

அந்த அம்மாவின் கரண்டி பாதியில் நின்றது. மீசைக்காரர் கனைத்தார். நாற்காலியை மெதுவாக என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். தன் அக்காவுக்குக் கேட்காதபடி என் காதருகே குனிந்தார்.

“நீங்களுமா, சம்பந்தி?”