கொழும்புக் கசெட்டில் கேட்கும் குரல்

ஹட்டன்,
2024 ஓகஸ்ட் 11, ஞாயிறு.

மதிப்பும் அன்பும் மிக்க மைத்துனர், வத்தளை செல்லசாமி அவர்களின் சமூகத்துக்கு, ஹட்டனிலிருந்து சின்னராசா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் தங்கை நாகலெட்சுமி, மகள் ஜெயந்தினி மூவரும் நலம். மழையும் என் முழங்கால் வலியும் விட்டபாடில்லை. அதைப் பற்றி நீங்கள் கேட்கப்போவதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன். அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரும் மாப்பிள்ளை ஆகப்போகிற தங்கள் மகன் கிஷாந்தும் நலமாக இருப்பீர்கள். நலமாகத்தான் இருக்க வேண்டும். அடுத்தவன் பெயரைத் தின்று செரித்துவிட்டவர்களுக்கு என்ன குறை?

மரியாதைப் பகுதி இத்துடன் முடிந்தது மச்சான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஜெயந்தினியின் போனுக்கு லீட்ஸிலிருந்து ரொபட் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஜெயந்தினி தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் எனக்கு அதைத் தமிழில் சொன்னாள். "அன்புள்ள சின்னராசா, நல்ல செய்தி. கொழும்புக் கசெட்டை உண்மையில் பதிவுசெய்தவர் யார் என்று கடைசியில் தெரிந்துவிட்டது. திரு செல்லசாமி எங்களுக்கு எழுதியிருக்கிறார். பட்டியலைத் திருத்திவிட்டோம். பாட்டுக்கு நடுவே பஸ்ஸைப் பற்றிக் கேட்கும் குரல் உங்களுடையது என்றும் அவர் சொன்னார். அது எங்கள் எல்லோருக்கும் மிகவும் பிடித்த குரல்." இதை வாசித்துவிட்டு என் மகள் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சம்பளம் குறைந்த நாட்களில்கூட அவள் என்னை அப்படிப் பரிதாபமாகப் பார்த்ததில்லை.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் மறந்துவிட்டீர்கள் போலத் தெரிவதால் முதலிலிருந்து எழுதுகிறேன். எண்பத்து நாலாம் ஆண்டு எங்கள் பொகவந்தலாவைத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் புதுசாகக் கொழுந்து காய வைக்கும் இயந்திரம் வந்தது. அதைப் பூட்ட இங்கிலாந்திலிருந்து வந்தவர்தான் ரொபட். மூன்று வாரம் நின்றார், நான் வயர்மேன் என்றபடியால் மூன்று வாரமும் அவரோடுதான் வேலை. போகும்போது என் கையில் ஒரு கசெட்டைத் தந்தார். ரஸ்டி பெல்ஸ் என்ற ரொக் குழு ஏதோ ஒரு ஊர் மண்டபத்தில் வாசித்ததை, சனத்தோடு சனமாக நின்று யாரோ களவாகப் பதிந்தது. கடையில் விற்கும் இசைத்தட்டில் பிழை இருக்காது மச்சான். இதில் பாடகர் வரியை மறக்கிறார், ட்ரம் அடிப்பவர் அவசரப்பட்டு முந்திக்கொண்டு போகிறார், யாரோ இருமுகிறான், எவளோ சிரிக்கிறாள், கிட்டார் கம்பி அறுந்து போய் அவர்கள் புதுக் கம்பி பூட்டும் வரைக்கும் சனம் கைதட்டிக்கொண்டே நிற்கிறது. பாட்டின் பொருள் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் தேயிலைத் தூசிக்குள் நின்று அதைக் கேட்டபோது நானும் அந்த மண்டபத்தில், கதவுக்குப் பக்கத்தில், டிக்கெட் இல்லாமல் நிற்பது போல இருந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். நாகலெட்சுமி "தகரத்துல கல்லு கொட்டுற சத்தம்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு வெளியே போனவள், நாற்பது வருடமாக அந்தச் சத்தம் கேட்டால் வெளியேதான் போகிறாள்.

அந்தக் கசெட் சேர்ப்பவர்களுக்கு என்று ஒரு சட்டம் இருக்கிறது. விற்கக் கூடாது, வாங்கக் கூடாது. ஒரு பதிவைக் கொடுத்து இன்னொரு பதிவை எடுக்கலாம். என்னிடம் கொடுக்க என்ன இருந்தது? பொகவந்தலாவைக்கு எந்தக் குழு வந்தது? பதினொரு வருடம் நான் தேயிலைப் பக்கெட்டை அனுப்பிவிட்டுக் கசெட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். ரொபட் தங்கமான மனிதர், ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவர்கள் வருடா வருடம் அனுப்பும் பட்டியலில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் அதைப் பதிந்தவர் பெயர் இருக்கும். நான் அதை ஒரு வரி விடாமல் வாசிப்பேன். கொடுப்பவர்களின் பட்டியல் அது. வாங்கி மட்டும் தின்கிறவனுக்கு அதில் இடம் இல்லை.

பிறகுதான் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, சண்டை நாலு மாதம் நின்றிருந்த காலத்தில், அதே ரஸ்டி பெல்ஸ் கொழும்புக்கு வந்தார்கள். ஐந்து பேரில் இரண்டு பேர்தான் பழைய ஆட்கள், தலைமுடியும் இல்லை, இருந்தாலும் அவர்கள்தானே. ஒரு ஹோட்டல் புல்வெளியில், இருட்டுமுன் முடிந்துவிட வேண்டும் என்று பின்னேரம் நாலு மணிக்கே வைத்தார்கள். உங்களை நான் இசைக்காகக் கூட்டிப் போகவில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஹட்டன் பிடவைக் கடையில் வேலை பார்த்ததால் உங்களுக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். எனக்கோ இரண்டு சொல்லுக்குமேல் வராது. அடையாள அட்டையில் மட்டும் என் முகவரி முழுதாக இருந்தது. வயர் தொங்குகிற பெட்டியோடு ஒரு தமிழன் கொழும்பில் கூட்டத்துக்குள் போவது, குண்டு என்று பிடிக்கிற அந்த நாட்களில் விளையாட்டா? அதனால் இரண்டு சோத்துப் பார்சல் கட்டினோம். ஒன்றில் சோறு. மற்றதில் ரெக்கோடர்.

வாசலில் நின்ற ஆமிக்காரன் "மொனவத?" என்று பார்சலைக் காட்டிக் கேட்டபோது என் கை நடுங்கியது; ஒப்புக்கொள்கிறேன். நீங்கள்தான் இரண்டு பார்சலையும் என் கையிலிருந்து வாங்கி, "பத் மாத்தயா, பரிப்புயி சம்பலுயி" என்று, சோறும் பருப்பும் சம்பலும்தான் என்று, சிரித்துக்கொண்டே சோற்றுப் பார்சலை அவன் மூக்குக்கு நேரே பிரித்துக் காட்டினீர்கள். அவன் பரிப்பு வாசனையில் மயங்கி விட்டுவிட்டான். அதற்கு நன்றி. அந்த நன்றியை இருபத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அது ஒரு நிமிட வேலை மச்சான். உள்ளே போனதும் பார்சலை உங்களிடமிருந்து வாங்கி என் மடியில் வைத்து, பட்டனை அமத்தி, இரண்டு மணித்தியாலம் மூச்சைக்கூட அளந்து விட்டவன் நான்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? நாற்பத்தோராவது நிமிடம். மற்ற எல்லோரும் நிறுத்திவிட்டார்கள், கிட்டார் மட்டும் தனியாக, நூல் இழுப்பது போல அவ்வளவு மெல்லிசாகப் போகிறது, புல்வெளி முழுக்க ஒரு சத்தம் இல்லை. அப்போதுதான் நீங்கள் தொண்டையைக் கனைத்துவிட்டு, "மச்சான், கடைசி ஹட்டன் பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டீர்கள். தமிழில். அந்தக் கூட்டத்துக்குள். முன்னால் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நிலையிலும் நான் பதிவைத்தான் நினைத்தேன். "மெதுவா மச்சான், டேப் ஓடுது" என்று காதோடு காதாகச் சொன்னேன். அதுவும் கசெட்டில் இருக்கிறது. சாட்சி வேறு வேண்டுமா?

அந்தக் கசெட்டின் பிரதி லீட்ஸுக்குப் போய், அங்கிருந்து ஒசாகா, ஹாம்பர்க் என்று எங்கெங்கோ போனது. அந்த மனிதன் என்ன சொல்கிறான் என்று ஜப்பான்காரர் ஒருவர் எழுதிக் கேட்டார். கிட்டாரைப் புகழ்கிறார் என்று நான் பதில் போட்டேன். உங்களுக்காக, செல்லசாமி மச்சான், உங்கள் மானத்துக்காக நான் சொன்ன பொய் அது. ஜெர்மனியில் ஒருவன் அந்த வரியைப் போன் அடிக்கும் சத்தமாகவே வைத்திருக்கிறானாம். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த வருடப் பட்டியலில் "கொழும்பு, 1995. பதிவு: சின்னராசா, பொகவந்தலாவை" என்று வந்தது. தோட்டத்தில் முப்பத்தாறு வருடம் நான் "வயர்மேன்". துரைமார் எட்டுப் பேர் மாறினார்கள், ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. பென்ஷன் கடுதாசியில்கூட என் பெயரில் ஓர் எழுத்து பிழை. கண்ணால் கண்டிராத சனம் வைத்திருந்த அந்த ஒரு பட்டியலில்தான் நான் பிழையில்லாமல் இருந்தேன்.

பொங்கலுக்கு வந்தபோது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அந்தக் கசெட்ட குடுங்க மச்சான், ஹட்டன் ஈரத்துல பூஞ்சணம் புடிச்சிரும். கிஷாந்த் கம்பியூட்டர்ல ஏத்தித் தருவான்." குழந்தையைக் கொடுப்பதுபோலக் கொடுத்தேன். கசெட் திரும்பி வந்தது, நான் என் கையால் எழுதி ஒட்டியிருந்த தாள் வரவில்லை. அந்த இடத்தில் புது ஸ்டிக்கர்: "செல்லசாமி கலெக்ஷன், இல. 1". இல. 2 எங்கே மச்சான்? உங்கள் வீட்டில் இருக்கிற மற்றக் கசெட் சுப்ரபாதம் ஒன்றுதானே!

புதன்கிழமை நான் போன் எடுத்தேன். நீங்கள் பேசியதை எழுத்து மாறாமல் எழுதுகிறேன், பிறகு இல்லை என்று சொல்லக் கூடாது.

"ஏன் மச்சான் கோவப்படுறீங்க? பார்சல் என் மடியிலதான இருந்திச்சு. ரெண்டு மணித்தியாலம் அசையாம ஒக்காந்து கால் மரத்துப் போச்சே எனக்கு."

"உங்க மடியிலயா? அப்ப பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டது யாரு?"

"அது நீங்கதான் மச்சான்!"

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். பின்னால் கிஷாந்தும் சிரித்தான். பெயரை எடுத்ததைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேன். உங்கள் வாய்க்கொழுப்பை என் தலையில் கட்டியதை எப்படி மன்னிப்பது? உலகம் பூராவும் என்னை, பாட்டு நடுவில் பஸ்ஸுக்கு அலையும் பட்டிக்காட்டான் என்றல்லவா நினைக்கப்போகிறது? நான் போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். இதை வைக்க முடியாது. வாசித்துத்தான் ஆக வேண்டும்.

ஆகவே நீங்கள் ரொபட்டுக்கு உண்மையை எழுதும் வரை உங்கள் வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன். அடுத்த மாதம் கிஷாந்தின் கல்யாணத்துக்கு நாகலெட்சுமியும் ஜெயந்தினியும் வருவார்கள். தடுக்க மாட்டேன், தடுத்தாலும் உங்கள் தங்கை கேட்க மாட்டாள். மாமன் எங்கே என்று யாராவது கேட்டால், பட்டியலில் இல்லை என்று சொல்லுங்கள்.

மணமக்கள் இருவருக்கும் என் ஆசிகள். எது யார் சொன்னது என்ற சண்டை அவர்கள் வீட்டுப் பக்கமே வராமல் இருக்கட்டும். தங்கள் துணைவியாருக்கு என் அன்பு. முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், அதைவிட முக்கியமாக நல்ல ஞாபகசக்தியும் தரட்டும்.

இங்ஙனம், மனம் கசந்து,
சி. சின்னராசா
(ஓய்வுபெற்ற வயர்மேன்)

பி.கு.: கடிதத்தை உறையில் போடுமுன், நாற்பத்தோராவது நிமிடம் என்று எழுதியது சரிதானா என்று பார்க்க, கிஷாந்த் கம்பியூட்டரில் போட்டு நீங்கள் இணையத்தில் ஏற்றிய பதிவை ஜெயந்தினியின் போனில் போடச் சொன்னேன். மழை பெய்ததால் நாகலெட்சுமியால் வெளியே போக முடியவில்லை. கிழங்கு சீவிக்கொண்டு குசினியிலேயே இருந்தாள். கனைப்பும் பஸ் கேள்வியும் வந்தன. அவள் தலையைத் தூக்காமலே, "அங்க போயும் கனைச்சீங்களா?" என்றாள்.

"அது ஒங்க அண்ணன்" என்றேன்.

"எங்கண்ணன் எப்பங்க இப்பிடிக் கனைச்சிச்சு? காலைல எந்திரிச்சா இந்தக் கனைப்பதான நான் நாப்பது வருசமா கேக்குறேன். மெதுவான்னு சொல்றாரே, அதுதான் அண்ணன்."

ஜெயந்தினியைப் பார்த்தேன். அவள் யன்னலைப் பார்த்தாள். திரும்பப் போடச் சொன்னேன். ஆறு தரம் கேட்டேன் மச்சான். ஏழாவது தரம்தான், நான் வயர்மேன் என்பது எனக்கே ஞாபகம் வந்தது. மெதுவாகச் சொன்ன குரல் மைக்குக்குக் கிட்ட இருக்கிறது. சத்தமாகக் கேட்ட குரல் தள்ளி இருக்கிறது. வாசலில் நீங்கள் வாங்கிய பார்சலை நான் திருப்பி வாங்கவே இல்லை போலிருக்கிறது. கை நடுக்கம் அப்போதும் நிற்கவில்லையோ என்னவோ.

கிழித்துப் போட்டிருப்பேன். எட்டுப் பக்கம், விரல் வீங்கிவிட்டது, ஜெயந்தினி முத்திரையும் ஒட்டிவிட்டாள். அதனால் மேலே "நீங்கள்" என்று வருகிற இடத்தில் "நான்" என்றும், "நான்" என்று வருகிற இடத்தில் "நீங்கள்" என்றும் மாற்றி வாசித்துக்கொள்ளவும். கல்யாணத்துக்கு மூன்று பேராகவே வருகிறோம். பட்டியலில் உங்கள் பெயரே இருக்கட்டும் என்று ரொபட்டுக்கு ஒரு வரி எழுத வேண்டும். மத்தியானத்திலிருந்து பேனையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். உங்களைத் திட்ட எட்டுப் பக்கம் நிற்காமல் ஓடிய கை, அந்த ஒரு வரிக்கு அசைய மாட்டேன் என்கிறது.