நத்தார்த் தேயிலை

"என்னடாப்பா, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறாய்?" என்றார் அறைக்கூட்டாளி வரதராசா அண்ணை.

மகேந்திரன் சுவிஸ் நாட்டுப் பாடன் நகரில் ஒரு ஹோட்டலில் மூன்று வருடமாகக் கோப்பை கழுவுகிறான். ஆங்கில வருடப் பிறப்புக்குள் நிரந்தர வேலைக்கு முடிவு சொல்வதாக முதலாளி சொல்லியிருந்தார். இப்போது மார்ச். அந்த வேலை கிடைத்தால்தான் கொழும்பு லொட்ஜில் காத்துக் கிடக்கும் ஜெயமலரையும் பிள்ளையையும் கூப்பிடலாம்.

"ஒருக்கா வாய் திறந்து கேளன்."

"கேட்டு, இல்லையெண்டிட்டா? பிறகு அவளுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

அண்ணை மருந்துக்கடையில் மனச்சோர்வுக்கு மூலிகைத் துளிகள் வாங்கிவந்தார். பத்துத் துளி என்று ஜெர்மனில் எழுதியிருந்ததை யார் வாசித்தார்கள்? மகேந்திரன் அரைப் போத்தலைக் குடித்தான். அது மதுசாரத்தில் ஊறிய மூலிகை. காலையில் முதலாளி அவன் பக்கத்தில் வந்து மணந்து பார்த்துவிட்டு விலகிப் போனார்.

அடுத்தது காளான் தூள். "யப்பான்காரர் இதைத் திண்டுதான் கவலையில்லாமல் இருக்கினமாம்," என்று அண்ணை சத்தியம் செய்தார். கவலை மட்டும் உள்ளே நின்றுவிட்டது. மற்றதெல்லாம் வயிற்றால் போய்விட்டது. அன்று முழுக்க மகேந்திரன் கழிப்பறையில், கோப்பைகள் தொட்டியில். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பாவி மனுசன், ஏசியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

"டிசெம்பரில, நத்தாருக்கு முதலாளியே உனக்கு மனச்சோர்வுக்கெண்டு மூலிகைத் தேயிலை தந்தவரெல்லே? அதைக் குடியன்!"

"இரத்தினம்மா அக்கா வீட்டுப் பொங்கலுக்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டன். வெறுங்கையோட போகேலுமோ? பிறகு அவர் எப்பிடியெண்டு கேட்டார். முழுக்கக் குடிச்சு முடிச்சிட்டன், சுப்பர் எண்டன். அண்டையில இருந்துதான் ஆள் முகம் குடுக்கிறேல்லை."

வெட்கத்தை விட்டு அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தான்.

"ஐயோ தம்பி, அதை டீட்டிகோனில ஒரு பிறந்தநாளுக்குக் குடுத்தனாங்கள். அவை அதை ஆராவில ஒரு புது வீடு குடிபூரலுக்குக் குடுத்திருக்கினம். போன கிழமை ஆராவ் ஆக்கள் எங்கட வீட்டுக்கு வந்தவை. அதே பெட்டி, அதே சிவப்பு ரிப்பன்! பொறும், பிரிக்கிறன்."

கடதாசி கிழிபடும் சத்தம் கேட்டது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக மகேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது.

"தம்பி, தேயிலைக்கு மேல உம்மட பேர் போட்ட கடிதம் ஒண்டு கிடக்கு. மகள் வாசிக்கிறாள்... நிரந்தர வேலையாம், ஜனவரி முடிய முன்னம் கையெழுத்து வைச்சுக் குடுக்கட்டாம்."