எலிக்கு வைத்த வடை

பயந்தவள் கையில் எலி மருந்தைக் கொடுக்கக் கூடாது. கவனமில்லாதவர்கள் அதை ஒரு மூலையில் வைத்துவிட்டு மறந்துபோவார்கள். பயந்தவர்கள் பத்திரமான இடத்தில் வைத்து, அதைவிடப் பத்திரமான இடத்துக்கு மாற்றி, கடைசியில் எங்கே வைத்தோம் என்பதையே மறந்துபோவார்கள். நான் இரண்டாவது ரகம்.

எண்பதுகளின் தொடக்கம். காரைக்கால் தருமபுரத்தில் வாடகை வீடு. மூத்தவன் ஆன்டோ அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். ஒருநாள் காலையில் பார்த்தால், அவனுடைய பால் புட்டியின் ரப்பரை எலி கடித்து வைத்திருக்கிறது. இன்றைக்கு ரப்பர், நாளைக்குக் கால் விரல் என்று என் மனம் உடனே முடிவு கட்டிவிட்டது. (நான் அறிவியல் பட்டதாரி. பயப்படுவதைக்கூட முறைப்படிதான் செய்வேன்.)

கறுப்புப் பொடிப் பொட்டலத்தை நீட்டும்போதே கடைக்காரர், "கைக்குழந்தை இருக்கிற வீடும்மா. எட்டாத இடத்துல வைங்க. வீட்ல எல்லார்ட்டயும் சொல்லிடுங்க" என்றார். முதல் பாதியை ஜெபம் மாதிரி மனப்பாடம் செய்தேன். இரண்டாவது பாதிக்கு அவசரமில்லை என்று விட்டுவிட்டேன். வீட்டில் "எல்லாரும்" என்றால் என் கணவர் ஒருவர்தான்.

அது நோன்பு மாதம். பக்கத்து வீட்டு ரஹ்மத் அக்கா தினமும் தூக்கில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார். தூக்கை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. அன்று அதில் போட்டனுப்ப மசால் வடை சுட்டேன். கஞ்சிக்கு வடைதான் பொருத்தம். எலிக்கும் வடைதானே பிடிக்கும்? கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, ஒரு வடையைப் பிளந்து, நடுவில் பொடியை வைத்து மூடினேன். பிளந்த தடமே தெரியவில்லை. (கைவேலையில் கெட்டிக்காரி என்று பள்ளியிலேயே பேர் வாங்கியவள்.)

அதை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். ஆன்டோ தவழ்ந்து வந்துவிட்டால்? எடுத்துச் சமையலறை மேல்தட்டில் வைத்தேன். பல்லி தட்டிவிட்டுக் கீழே விழுந்தால்? அப்புறமும் மனசு ஆறவில்லை. இந்த ஏற்பாட்டுக்கு நடுவில் குழந்தை வேறு வீரிட்டு அழுதான்.

அவனைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு எடுத்து வந்தால், தூக்கைக் காணோம். வடைத் தட்டு காலி. மேல்தட்டும் காலி.

"தூக்கு எங்கங்க?"

"ரஹ்மத் அக்காட்ட குடுத்துட்டேன். நோன்பு திறக்குற நேரமாச்சுல்ல."

"மேல ஒரு வடை இருந்துச்சே..."

"அதையும் போட்டுட்டேன். தூக்கு நெறயல பாரு. எனக்குன்னு எடுத்து வச்சியாக்கும்? பரவால்ல, அவங்க சாப்பிடட்டும்."

குழந்தைக்கு எட்டாத இடம்தான். அவர் கையை நீட்டினாலே எட்டும்.

"அதுல எலி மருந்துங்க!" என்று கத்திவிட்டு, ஆன்டோவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. அக்காவின் மாமனார், தெருவே எழுந்து நின்று பேசும் மனிதர், வாயில் வடையோடு உட்கார்ந்திருந்தார்.

"துப்புங்க மாமா! முழுங்கிடாதீங்க! துப்புங்க!"

ஆன்டோ மண்ணைத் தின்றால் நீட்டுவேனே, அதே பழக்கத்தில் என் உள்ளங்கை அவர் வாய்க்குக் கீழே போய்விட்டது. அவரும் பாவம், பகல் முழுக்கப் பட்டினி கிடந்த மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி அதில் துப்பிவிட்டார்.

"எலி மருந்துக்கா! ஒரு வடையில எலி மருந்து! ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிடுங்க!" என்று நான் அழ, என்னைப் பார்த்து ஆன்டோ அழ, அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது என் கணவர் மூச்சிரைக்க வந்தார். கையில் பழைய பிஸ்கட் டின். "ஸ்டெல்லா, இதுவா பாரு! என்ன மருந்துன்னு ஆஸ்பத்திரியில காட்டணுமேன்னு தேடினேன், தொவைக்கிற கல்லுக்குப் பின்னாடி இருந்துச்சு. மேல செங்கல் வேற வச்சிருக்கே."

டின்னின் மேல் என் கையெழுத்தில் "விஷம்" என்று ஒட்டியிருந்தது. மூடியை நெம்பினார். உள்ளே என் வடை, கொஞ்சமும் சிதையாமல். அதைக் கொல்லைக்கு மாற்றிவிட்டு, என் கணவருக்கென்று மேல்தட்டில் நல்ல வடை ஒன்றை எடுத்து வைத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மாமா டின்னையும் செங்கலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, எலி செங்கல்ல எறக்கி வச்சு, மூடியத் தொறந்து, எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டுத்தான் சாப்பிடணுமா?"

ரஹ்மத் அக்காவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "கஞ்சியில உப்புக் கொறச்சல்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல ஸ்டெல்லா?"

விஷ வடையையும் மிச்சப் பொடியையும் கொல்லையில் ஆழக் குழி தோண்டிப் புதைத்தோம். எலியை அக்கா வீட்டு எலிப்பொறிதான் பிடித்தது. அதற்குள் வைத்தது வெறும் தேங்காய்ச் சில்லு.

மாமா அன்றே ஒரு சட்டம் போட்டார்: எங்கள் வீட்டு வடை வந்தால், கொண்டுவந்தவர் முதலில் ஒன்றைத் தின்று காட்ட வேண்டும். மாமா காலமாகி எத்தனையோ வருஷமாகிறது. சட்டம் மட்டும் அந்த வீட்டில் அப்படியே இருக்கிறது. ஆன்டோ வளர்ந்து ஆளாகி, "நான் குடுத்துட்டு வரேம்பா" என்று கேட்டுப் பார்த்துவிட்டான். என் கணவர் அன்றிலிருந்து இன்றுவரை அந்தத் தூக்கை வேறு யாரையும் தொட விட்டதில்லை.