நக்கல் மாஸ்டரும் மட்டப் பேப்பரும்

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் நக்கல் மாஸ்டரைப் போலொரு சந்தேகக்காரர் முன்னும் பிறக்கவில்லை, பின்னும் பிறக்கவில்லை. காலையில் எழும்பியதும் இறங்குதுறைக்கு வந்து, கடல் நேற்றுக் கிடந்த இடத்தில்தான் கிடக்கிறதா என்று பார்ப்பார். கிடக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஸ்டூடியோக் கதவைத் திறப்பார்.

மூதூருக்கு ஓடும் லோஞ்ச் படகு வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் என்னுடைய தேத்தண்ணிக் கடை. நடுவில் ஒரு தகரவேலி, அங்கால் அவருடைய ஸ்டூடியோ. பெயரைக் கேட்டு, ஆள் பெரிய பகிடிக்காரர் என்று நினைத்து வந்து ஏமாந்தவர்கள் கனபேர். படம் எடுக்க இருத்திய ஆட்களைச் சிரிக்கக்கூடச் சொல்லமாட்டார். "சிரிக்க என்ன கிடக்கு? நேராப் பாருங்கோ" என்பார்.

பெயர் வந்த கதை வேறு. படம் விழுத்தும் பேப்பரில் ஒரு பக்கம்தான் மருந்து பூசியிருக்குமாம். இருட்டறைக்குள் சிவப்பு விளக்கொன்று எரியும். அந்த வெளிச்சத்தை அவர் நம்பமாட்டார். பேப்பரின் மூலையை நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் மருந்துப் பக்கம். நாக்குப் பட்ட இடத்தில் மருந்து கெட்டு ஒரு வெள்ளைப் புள்ளி விழும். அந்த மூலையைப் பிறகு கத்திரிக்கோலால் வெட்டிவிடுவார். இருட்டறையோடு அந்தப் பழக்கம் நின்றிருந்தால் நல்லது. பஸ் டிக்கட்டையும் நக்கிப் பார்ப்பார், கலியாணக் கார்ட்டையும் நக்கிப் பார்ப்பார். நான் வடை சுற்றிக் கொடுத்த பேப்பரையும் ஒருநாள் நக்கிவிட்டு, "இது பழைய பேப்பர், பிள்ளை" என்றார். வடை சுற்றப் புதுப் பேப்பர் வாங்கும் மகராசி எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியாது என்றார்.

ஓர்ஸ் ஹில் பக்கம் இன்னொரு ஸ்டூடியோ இருந்தது. உலகத்தில் நடக்கிற கெடுதல் எல்லாம் அங்கேயிருந்துதான் புறப்படுகிறது என்பது அவருடைய முடிவு. ஒருமுறை கலியாண உடுப்போடு படம் எடுக்க வந்த பொம்பிளையை, "உண்மையாத்தான் கலியாணமோ, இல்லாட்டி என்ர லைட்டைப் பாக்க அனுப்பினவையோ?" என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரைச் சமாதானப்படுத்த என் கடையில் ஒரு கேத்தல் தேத்தண்ணி முடிந்தது.

பாணுக்கே வரிசையில் நின்ற காலம் அது. வெளிநாட்டுச் சாமான் கண்ணிலே படாது. அப்படியிருக்க, கப்பல்காரன் ஒருவன் அவருக்குப் பெரிய அளவுப் படப் பேப்பர் இரண்டு பெட்டி கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்கே மாஸ்டருக்கு ஆசை பிறந்தது: கண்காட்சி வைக்க வேண்டும். இறங்குதுறையில் எங்களுக்குத் தெரியாமலே எங்களை எத்தனையோ வருசமாகப் படம் எடுத்து வைத்திருந்தார். பங்குச் சுவாமியார் வேதக்கோயில் மண்டபத்தைத் தருவதாகச் சொன்னார்.

அதோடு எனக்கு நிம்மதி போயிற்று. துண்டு துண்டாகப் பேப்பரை வெட்டி என் கடை வாசலில் கயிறு கட்டித் தூக்கினார். "கடற்காத்துக்கு எது சுருளுது எண்டு பாக்கிறன். ஆரும் வந்து விசாரிச்சால் உடுப்புக் காயுது எண்டு சொல்லும்."

"இது ஆரின்ர உடுப்பு மாஸ்டர், எலியின்ரயோ?"

அவர் சிரிக்கவில்லை. என் அடுப்புப் புகையில் ஒரு துண்டு மஞ்சளானது என்று ஒரு கிழமை என்னோடு கதைக்கவுமில்லை.

பிறகு ஒருநாள் சுவாமியார் கடைக்கு வந்திருந்தார். மாஸ்டர் அவருடைய காதுக்குள் குசுகுசுக்கிறார். தகரவேலிக்குக் கேளாத கதை எனக்குக் கேட்டது.

"கப்பல் படமெல்லாம் மினுங்கல் பேப்பரில, ஃபாதர். இறங்குதுறை ஆக்கள் எல்லாரும் மட்டில."

கப்பலுக்கு மினுக்கம், எங்களுக்கு மட்டம். நான் பெட்டியில் இருக்கும் எழுத்தை வாசிக்கிற ஆள் இல்லை. ஆனால் மட்டம் என்றால் என்னவென்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. மட்டமான அரிசி, மட்டமான சீத்தைத் துணி, மட்டமான ஆள்.

லோஞ்சில் மூட்டை ஏற்றுகிற நூர் நானாவிடம் சொன்னேன். அவருடைய படமும் இருந்தது. "அப்பிடியா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு மூட்டையை நிலத்தில் வைத்தார். லோஞ்ச் விட முதலே ஊர் முழுக்கக் கதை போய்விட்டது. பொழுதுபட முன்னம் நாங்கள் எல்லோரும் ஸ்டூடியோ வாசலில் நின்றோம்.

மாஸ்டர் கையில் கத்திரிக்கோலோடு வந்தார்.

"என்ர படத்தைத் தாரும். எங்களை மட்டத்தில போட ஏலாது" என்றேன்.

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "மட் எண்டு ஆர் உமக்குச் சொன்னது? ஓர்ஸ் ஹில்லில இருந்து ஆரும் வந்தவையோ?"

"உம்மட வாய்தான் சொன்னது. என்னை மட்டி எண்டு நினைச்சீரோ?"

"கப்பலை விட நாங்க குறைவோ மாஸ்டர்? அந்தக் கப்பல் சாமானை ஆர் தூக்கிறது?" என்றார் நூர் நானா.

மாஸ்டர் படியில் இருந்துவிட்டார். "நீங்கள் இல்லாட்டி என்னட்டக் கப்பல் மட்டும்தான் இருக்கு. கப்பல் பாக்க மண்டபத்துக்கு ஆர் வருவினம்? அது வெளியில நிண்டாலே தெரியுதே." அவர் குரல் அப்படித் தளர்ந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனாலும் நான் நம்பவில்லை. அவரோடு இருந்து எனக்கும் அந்தச் சந்தேக வருத்தம் தொற்றியிருந்தது.

"வாரும் பிள்ளை, காட்டிறன்" என்று எழும்பினார். கத்திரிக்கோலைப் படியிலேயே போட்டுவிட்டு, இரண்டு படங்களைச் சுருட்டிக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தார். பின்னால் நாங்கள்.

இரண்டும் என்னுடைய ஒரே படம். ஒன்று மினுங்கல், மற்றது மட். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் இரண்டையும் குத்தினார். துறைமுகத்துத் தண்ணியில் பட்ட வெயில் ஜன்னலால் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. மினுங்கல் படத்தில் நான் இல்லை. ஜன்னல் இருந்தது, வெயில் இருந்தது, எட்டிப் பார்த்த நூர் நானாவின் தொப்பி இருந்தது. மற்றதில் கேத்தலைப் பிடித்தபடி, லோஞ்ச் வருகிறதா என்று கடலைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். என் கண்ணுக்குக் கீழே இருக்கும் அடுப்புக்கரிகூடத் தெரிந்தது.

நான் கிட்டப் போய்த் தடவினேன். பின்பக்கம் பார்த்தேன். பிறகு, சுவாமியார் பார்த்துக்கொண்டு நிற்க, மூலையில் நாக்கை வைத்தும் பார்த்தேன்.

"என்ன தெரியுது?" என்று மாஸ்டர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"புளிக்குது."

"அது நல்ல பேப்பர்" என்றார். "கப்பல் மினுங்கட்டும் பிள்ளை, அதுகளை உள்சுவரில போடுறன். உம்மட முகம் மினுங்கினால் கண் எங்க இருக்கெண்டு தெரியாது. மட் எண்டால் மினுங்காதது, அவ்வளவுதான்."

"இதை முதலே சொன்னால் என்ன?"

"சொன்னால் ஓர்ஸ் ஹில்லுக்குப் போயிடும்."

நூர் நானா சுவரில் சாய்ந்து சிரித்தார். "சரி மாஸ்டர், என்னையும் மட்டிலயே போடுங்க" என்றார்.

கண்காட்சிக்குச் சனம் வந்து நிறைந்தது. என் படத்துக்கு முன்னால் நான் நாள் முழுக்க நின்றேன், யாரும் கேட்டால் அது நல்ல பேப்பர் என்று சொல்வதற்காக. ஓர்ஸ் ஹில்காரரும் வந்து, நெடுநேரம் பார்த்துவிட்டு, மாஸ்டருக்குக் கை கொடுத்தார். மாஸ்டர் பிறகு தன் கையை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

முடிந்ததும் படத்தை எனக்கே தந்தார். மாஸ்டர் போய்ச் சேர்ந்து கனகாலம். ஈரக் காற்றில் சட்டம் உக்கிவிட்டதென்று போன மாதம் புதுச் சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரத் தம்பி படத்தின் மூலையைக் காட்டி, "அம்மா, இதில ஒரு வெள்ளைப் புள்ளி கிடக்கு, வெட்டிவிடட்டோ?" என்று கேட்டார். அது இருட்டறைக்குள் மாஸ்டரின் நாக்குப் பட்ட மூலை; அன்றைக்கு எங்களுடைய சண்டையில், அதை வெட்டாமலே அவர் கத்திரிக்கோலைப் படியில் போட்டுவிட்டு நடந்ததை நினைத்துக்கொண்டேன்.

"வெட்டாதேங்கோ தம்பி," என்றேன். "அந்தப் படத்தில அவர் இருக்கிறது அந்த இடத்தில மட்டும்தான்."