வண்டிக்கு அடியில் வெளிச்சம்

டீக்கடை அரசு ஒரு வாளித் தண்ணீரை வண்டிக்கு அடியில் வீசியடித்த பிறகுதான், சிவப்பு சரிப்படாது என்று வைத்திலிங்கத்துக்குப் புரிந்தது.

"அடியில பத்திக்கிச்சுன்னு நெனச்சிட்டேண்ணே" என்றான் அரசு, காலி வாளியோடு.

பற்றி எரிந்தது வைத்திலிங்கத்தின் வயிறு. வண்டிக்கு அடியில் மாட்டுவதற்கென்றே சிதம்பரத்தில் அரை நாள் கடையிலேயே நின்று பொறுக்கிய சிவப்பு லைட். மைத்துனன் ஸ்ரீதரின் கல்யாண வரவேற்புக்கு மூன்றே நாள்தான் இருந்தது.

பழைய மாருதிக்கு அகல டயரும் பின்னால் ஒரு றெக்கையும் வைத்து அவர் ஜோடித்ததெல்லாம் ஒரே மனிதருக்காக. கடலூர் மாமனார் சின்னையன், இளைய மாப்பிள்ளையின் பெரிய கார் வந்தால் வாசலுக்கே ஓடுவார்; மூத்தவர் வைத்திலிங்கம் வந்தால் பேப்பரிலிருந்து தலையை எடுக்கமாட்டார். ஸ்ரீமுஷ்ணம் பெருமாளைத் தவிர யார் முன்னாலும் அந்த முதுகு வளைந்ததில்லை. ஒரே ஒரு தடவை தன் முன்னால் வளைந்துவிட்டால் போதும். பத்து வருட ஆற்றாமை அது.

"நீலம் போட்டுருவோம் சார், ஜில்லுனு இருக்கும்" என்றார் லைட் கடைக்காரர் பழனிவேல்.

அன்று சாயங்காலமே மனைவி மலர்க்கொடியோடு புவனகிரிவரை ஓட்டிப் பார்த்தார். கடைத்தெருவில் வேகத்தைக் குறைத்ததும் ஆண்கள் தலைத்துண்டை எடுத்தார்கள். சைக்கிளில் வந்தவர் இறங்கி ஒதுங்கி நின்றார். ஒருவர் மாலையோடு ஓடிவந்து, எந்தத் தெரு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று தணிந்த குரலில் விசாரித்தார்.

மலர்க்கொடி ஊரைத் தாண்டும்வரை பொறுத்தாள். "நாம கல்யாணத்துக்குப் போறமா, காரியத்துக்குப் போறமா? பேசாம பஸ்ஸுல போலாம்."

எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற ஆளா அவர்? மறுநாளே வெள்ளை மாட்டச் சொன்னார். அடியில் குண்டூசி கிடந்தாலும் தெரியவேண்டும் என்றார். பழனிவேலும் குறை வைக்கவில்லை.

வரவேற்பன்று கடலூர் மண்டப வாசலில், நல்ல கூட்டத்துக்கு நடுவே வண்டியை நிறுத்தினார். லைட்டை அணைக்காமல் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டார்.

முதலில் பந்தல்காரர் குனிந்தார். அடுத்து நாதஸ்வரக்காரர். பிறகு இளைய மாப்பிள்ளையே, பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு நன்றாகக் குனிந்தார். வைத்திலிங்கம் பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

கடைசியில் சின்னையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மருமகனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். முழங்காலில் கையை ஊன்றி, தோள்துண்டு மண்ணில் புரளக் குனிந்தேவிட்டார்.

வைத்திலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எழுந்திரிங்க மாமா, நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்" என்றார்.

வாசலில் பூ விற்கும் இருசம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நாங்களும் அப்பலேந்து குனிஞ்சு குனிஞ்சு பாக்குறோம் தம்பி, அடியில லைட்டப் போட்டுக்கிட்டு ரிப்பேர் பாக்குற மெக்கானிக் எங்க, ஆளையே காணும்?"